டி போட்ட கேசட்

அக்காள் கனடாவிலிருந்து அனுப்பிய வீடியோ கேசட் எங்கள் கைக்கு வந்தபோது, அதைப் போட்டுப் பார்க்க எங்கள் வீட்டில் எதுவும் இல்லை. எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் கேமரன் மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீடுகளில் வீடியோ வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். தோட்டத்து லாரி ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தானா ராத்தா டவுனிலிருந்து வாடகைக்குப் படம் எடுத்து வந்து போடுவார். வீட்டுக்குள் இடம் கொள்ளாமல் ஜன்னலுக்கு வெளியிலும் ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

நான் அப்போது தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் பகுதியில் வேலை பார்த்தேன். அப்பா அதே தொழிற்சாலையில் தூள் காயவைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொண்டார். அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். அக்காள் எனக்கு ஆறு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு எழுபதுகளில் ஆஸ்பத்திரித் தாதி வேலை கற்றுக்கொள்ள இங்கிலாந்து போனாள். எங்கள் லைனிலிருந்து கப்பலோ விமானமோ ஏறிய முதல் ஆள் அவள்தான். அப்பா அதைத் தொழிற்சாலையில் எல்லாரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. அக்காள் அங்கேயே ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். கேட்டுச் செய்யவில்லை, செய்துவிட்டுச் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் கனடாவுக்குக் குடிபோய்விட்டார்கள். அப்பா கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அக்காளின் கடிதத்தை நான் வாசிக்க ஆரம்பித்தால் அப்பா எழுந்து பின்பக்கம் போய்விடுவார். விறகு அடுக்கி வைத்திருந்த இடத்தில்தான் நிற்பார். அங்கே நின்றால் எல்லாம் கேட்கும் என்று எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அக்காளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போட்டோ வந்தது. அதன் பிறகுதான் இந்தக் கேசட். அவளோடு வேலை செய்த ஒரு தாதி லீவில் ஈப்போவுக்கு வந்தபோது கொடுத்து அனுப்பியிருந்தாள். நான் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். அம்மா அதை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லாரிக்காரர் வீட்டில் அன்றைய படத்தைப் போடாமல் எங்களுக்காகப் பெட்டியை விட்டுக்கொடுத்தார். அம்மா கோயிலுக்குக் கட்டும் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டாள். நிறையக் கேசரி கிண்டி எடுத்துப் போனாள். அப்பா வரவில்லை. தலை வலிக்கிறது என்று படுத்துக்கொண்டார்.

லாரிக்காரர் கேசட்டை உள்ளே தள்ளினார். திரையில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் ஓடின. கோடுகளுக்கு நடுவே ஏதோ ஒரு உருவம் கிழிந்து கிழிந்து மேலே ஏறியது. முகமா, சுவரா, ஒன்றும் தெரியவில்லை. அப்போது சத்தம் வந்தது.

"அ...ம்...மா..."

கனத்த, இழுபட்ட குரல். கிணற்றுக்குள்ளிருந்து ஓர் ஆண் முனகுவதுபோல் இருந்தது. பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். யாரோ அவர்களை அதட்டினார்கள். அந்தக் குரல் இன்னும் ஏதேதோ சொன்னது. ஒவ்வொரு வார்த்தையும் சேற்றில் காலை இழுத்து வைப்பதுபோல வந்தது. நடுவில் ஒரு குழந்தை அழுதது. அதுவும் குழந்தை அழுவது மாதிரி இல்லை.

லாரிக்காரருக்கு முகம் சின்னதாகிவிட்டது. பெட்டியின் மண்டையில் தட்டினார். கேசட்டை எடுத்துத் துடைத்துத் திரும்பப் போட்டார். அதே கோடுகள், அதே குரல். பிறகு வாடகைக்கு எடுத்து வந்த படத்தைப் போட்டார். அது பளிச்சென்று ஓடியது.

"எம் பெட்டி நல்லாத்தான் இருக்குக்கா. கேசட்டு வர்ற வழியில கெட்டுப்போச்சு போல லா" என்றார் அம்மாவிடம்.

அம்மா கேசட்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல், அப்பா படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அவளுக்கு ஒடம்புக்கு என்னமோ ஆயிருச்சுங்க. குரலே இல்ல. நாக்கு குழறுது. நம்மகிட்ட மறைக்கிறா."

"கேசட்டு கெட்டுப்போச்சும்மா" என்றேன் நான்.

"கேசட்டு கெட்டா படந்தான் கெடும். குரல் எப்படிடி கெடும்? என்னை அம்மான்னு கூப்பிடக்கூட முடியல அவளால."

எனக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது. தோட்டத்து ஆபீசில் ஒரு டெலிபோன் இருந்தது. அதிலிருந்து கனடாவுக்குப் பேசலாமா என்று கேட்கவே எங்களுக்குத் தைரியம் இல்லை. அக்காளின் நம்பரும் தெரியாது. கடிதம் எழுதிப் பதில் வரும்வரை அம்மா தாங்கமாட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் கொழுந்துக்கும் போகவில்லை. அம்மா வேலைக்குப் போகாத நாள் எங்கள் வீட்டில் அபூர்வம்.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் அப்பா சட்டையை மாட்டினார். "அந்தக் கேசட்ட எடு. டவுனுக்குப் போலாம். லீவு சொல்லிட்டு வா" என்றார். இத்தனை வருஷமாக அக்காளின் பெயரைக்கூட எடுக்காதவர், பஸ்ஸில் அந்தக் கேசட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

தானா ராத்தாவில் டிவி, ரேடியோ விற்றுப் பழுதும் பார்க்கும் ஒரு சீனர் கடை இருந்தது. நாங்கள் அவரைத் தவுக்கே என்போம், எல்லாச் சீன முதலாளிகளையும் சொல்வதுபோல. அப்பா கேசட்டை அவர் மேசையில் வைத்து மலாயில், "என் மகள் குரல் கெட்டுப்போச்சு" என்றார். தவுக்கே அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நான் நடந்ததைச் சொன்னேன்.

அவர் கேசட்டைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. திருப்பி, ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். அலமாரியிலிருந்து தாம் விற்கும் வெற்றுக் கேசட் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் ஈ-180 என்று போட்டிருந்தது. அக்காளின் கேசட்டில் டி-120.

"பாத்தியா? ஈ போட்டது நம்ம பக்கம். டி போட்டது அமெரிக்கா, கனடா பக்கம்" என்றார். மலாயும் கொஞ்சம் தமிழும் கலந்துதான் பேசினார். "கேசட் கெட்டுப்போகல. உன் மகளுக்கும் ஒண்ணும் இல்ல. அவங்க ஊரு வேற பேர்ல படம் எடுக்குது. நம்ம பெட்டிக்கு அந்தப் பேரு தெரியாது."

ஒரு டிவியைத் திருப்பி அதன் முதுகில் இருந்த தகட்டைக் காட்டினார். பால், பி என்று இருந்தது. ஆங்கிலத்தில் மூன்று எழுத்து, அப்புறம் ஓர் ஒற்றை எழுத்து. கலரை எந்த முறையில் அனுப்புகிறார்கள் என்பதற்கு முதல் பெயர். காற்றில் எப்படி அனுப்புகிறார்கள் என்பதற்குப் பின்னால் வரும் எழுத்து. நாம் பால், பி. இங்கிலாந்தும் பால்தான், ஆனால் ஐ. கனடா என்.டி.எஸ்.சி., எம். பிரான்ஸ் பக்கம் செக்காம் என்று ஒன்று. பெயரைச் சொல்லாமல் நம்பரைச் சொல்கிறவர்களும் உண்டு. நாம் அறுநூற்று இருபத்தைந்து, அவர்கள் ஐந்நூற்று இருபத்தைந்து. ஒரு படத்தை எத்தனை கோடுகளாக நறுக்குகிறார்கள் என்பதுதான் அந்த நம்பர். அவர்கள் நாடா நம் நாடாவைவிட வேகமாக ஓடும். நம் பெட்டி அதை மெதுவாக இழுப்பதால் குரல் தடித்துப்போகிறது என்று சொல்லி முடித்தார்.

அப்பாவுக்குப் பாதி புரியவில்லை. எனக்குப் புரிந்தது, நான் சலிப்புப் பகுதியில் இருந்ததால். ஒரே கொழுந்துதான். எந்தச் சல்லடையில் விழுகிறதோ அதற்கேற்ற எழுத்தை மூட்டையில் எழுதி அனுப்புவோம். பி.ஓ.பி. என்று ஒன்று, டஸ்ட் என்று ஒன்று. எழுத்தைப் பார்த்தே வாங்குபவனுக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியும். "அதே படந்தான்ப்பா. சல்லடை வேற" என்றேன். அப்பா தலையாட்டினார்.

பிறகு அவர் கேட்ட கேள்வி என்னைச் சுட்டது. "அப்ப அவ இங்கிலாந்துலயே இருந்திருந்தா, கேசட்டு நம்ம பெட்டில ஓடியிருக்குமா?"

"ஓடியிருக்கும்" என்றார் தவுக்கே. "ரெண்டும் பால்."

அப்பா கேசட்டைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். அப்புறம், இதைப் பார்க்க என்ன வழி என்று கேட்டார். எல்லா முறையும் காட்டும் பெட்டிகள் கோலாலம்பூரில் கிடைக்கலாம், தம்மிடம் இல்லை என்றார் தவுக்கே. சொல்லிவிட்டு யோசித்தவர், டெலிபோனை எடுத்தார்.

அவர் சொன்ன விஷயம் இது. அதே மலையில் திரிங்காப் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பூத்தோட்டத்தில் செவ்வந்தி வளர்ப்பைச் சொல்லிக்கொடுக்க ஜப்பானியர் ஒருவர் வந்திருந்தார். மனைவியோடு டவுனை ஒட்டி ஒரு பங்களாவில் குடியிருந்தார். வரும்போது டிவியும் வீடியோவும் ஜப்பானிலிருந்தே கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே வைத்தால் நம் செய்தியும் நாடகமும் அதில் வரவில்லை. என்ன கோளாறு என்று தவுக்கேயிடம்தான் வந்து கேட்டிருக்கிறார்கள். ஜப்பானும் என்.டி.எஸ்.சி. பக்கம். அவர்களுடைய ஊர்க் கேசட் மட்டும் அதில் ஓடும். கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு பெட்டியை இவர்தான் அவர்களுக்கு மாட்டிக்கொடுத்திருந்தார்.

"நாளைக்கு வரச் சொல்றாங்க. தாராளமா வாங்கன்னு சொல்லுது அந்தம்மா" என்றார் டெலிபோனை வைத்துவிட்டு.

அப்பா என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான்.

அம்மா பிறந்து வளர்ந்தது கேமரன் மலையில் இல்லை. கீழே பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டம். யுத்தத்தின்போது ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் அந்தத் தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அம்மாவின் அப்பாவும் அதில் போனார். அம்மாவுக்கு அப்போது ஏழு வயது இருக்கும். போனவர் திரும்பவில்லை. எங்கே, எப்படிச் செத்தார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. அம்மா இதைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். லாரிக்குப் பின்னால் ஓடினேன் என்று ஒருமுறை சொன்னாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னோம். அக்காளுக்கு ஒன்றுமில்லை என்றதும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விஷயம் கேள்விப்பட்டு லாரிக்காரரும் வந்து, தம் பெட்டிமேல் குற்றம் இல்லை என்று தெரிந்து நிம்மதியானார். "நம்மகிட்ட இருக்கிறது பாலு, அங்கேருந்து வந்தது டீ. ரெண்டும் சேர்ந்தா நல்லா இருக்கணுமே லா" என்றார். அம்மாகூடச் சிரித்தாள். அவர் போன பிறகு அப்பா ஜப்பானியர் வீட்டைப் பற்றிச் சொன்னார்.

அம்மா சுளகில் இருந்த அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த ஊட்டுக்கா?"

"ஒனக்கு வேணாம்னா வேணாம். இவ மட்டும் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லட்டும்" என்றார் அப்பா.

"எம் பிள்ளைய இவ பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லணுமா?"

மறுநாள் பட்டுச்சேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேலைக்குக் கட்டாத ஒரு நூல்சேலையைக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் புறப்பட்டு நின்றாள்.

பங்களா வாசலில் அந்த ஜப்பானிய அம்மாளே வந்து நின்றிருந்தார். குட்டையாக, நரை கலந்த தலையோடு, கையில்லாத கம்பளிச் சட்டை போட்டிருந்தார். குனிந்து வணங்கினார். நானும் அப்பாவும் கும்பிட்டோம். அம்மா கும்பிடவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். சோபாவைக் காட்டியும் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் ஒரு கணம் தயங்கிவிட்டு, தாமும் கொஞ்சம் தள்ளித் தரையில் முழங்காலை மடித்து உட்கார்ந்தார். அப்பா மட்டும் கதவோரம் நின்றார். எங்களுக்கு டீ வந்தது, பாலும் சர்க்கரையும் இல்லாமல், பச்சை நிறத்தில். எங்கள் தொழிற்சாலையில் கொழுந்து வாடப்போடும் மாடியில் வரும் வாசனை அதில் இருந்தது. அம்மா அதைத் தொடவில்லை.

அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வந்தது, எனக்கும் கொஞ்சம்தான். கேசட்டைக் கொடுத்தேன். ஒரு பொத்தானை அழுத்தினார்.

திரையில் ஒரு சமையலறை வந்தது. மஞ்சள் சுவர், ஜன்னலுக்கு வெளியே வெள்ளைவெளேர் என்று பனி. மேசைக்குப் பின்னால் அக்காள். கொஞ்சம் குண்டாகியிருந்தாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். மடியில் குழந்தை.

"அம்மா, நல்லாருக்கியாம்மா? இதுதான் ஒம் பேத்தி."

அக்காளின் குரல். போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே. அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்காள் வீட்டைக் காட்டினாள், தொட்டிலைக் காட்டினாள். அவள் புருஷன் காமிராவைப் பிடித்திருந்தார் போல. நடுவில் ஒருமுறை அவர் குரல், "வணக்கம்" என்று அரைகுறையாக வந்தது. அக்காள் என் வேலையைப் பற்றிக் கேட்டாள். லைனில் இருந்த ஒவ்வொருவரையும் விசாரித்தாள். கடைசியில் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா பாக்குறாராம்மா? பாக்க மாட்டாருன்னு தெரியும். பாத்தா, எம்மேல கோவம் போயிருச்சான்னு மட்டும் கேட்டு எழுதச் சொல்லு."

"பாக்குறேன்" என்றார் அப்பா கதவோரத்திலிருந்து, டிவியைப் பார்த்து. சத்தமாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு வெட்கப்பட்டவர்போல வெளியே போய்ச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

படம் முடிந்தது. அம்மா விரலைப் பின்பக்கமாகச் சுழற்றிக் காட்டினாள். அந்த அம்மாள் உடனே புரிந்துகொண்டு நாடாவைத் திருப்பிச் சுற்றி மறுபடியும் போட்டார். பிறகு இன்னொரு தடவையும். ஒவ்வொரு தடவையும் அவரும் கூட இருந்து பார்த்தார். குழந்தை தும்மிய இடத்தில் அவர்தான் முதலில் சிரித்தார். அலமாரியில் அடுக்கியிருந்த தம்முடைய கேசட்டுகளைக் காட்டி, மகன் அனுப்பியவை என்றார். அவனுக்கும் குழந்தை இருக்கிறதாம். அந்த அம்மாளின் வயதைக் கேட்டேன். சொன்னார். அம்மாவைவிட ஒரு வயது சிறியவர்.

நான் அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அந்த அம்மாளின் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து, ஆறிப்போயிருந்த டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

திரும்பும் வழியில், "ஜப்பான்காரன் காலத்துல அதுவும் சின்னப் பிள்ளதான் லா, என்னை மாதிரி" என்றாள். யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்த வாரமே அப்பா அக்காளுக்குக் கடிதம் எழுதினார். எனக்குக் காட்டவில்லை, தாமே தபாலாபீஸ் போய்ப் போட்டார். அதில் கேசட் கதையும் இருந்திருக்க வேண்டும். அடுத்து வந்த கேசட்டை அங்கே ஒரு கடையில் கொடுத்து மாற்றி, மேலே பால் என்று தமிழிலேயே எழுதி அனுப்பியிருந்தாள் அக்காள். அது லாரிக்காரர் வீட்டில் நன்றாக ஓடியது. லைனே உட்கார்ந்து பார்த்தது. அப்பா முன்வரிசையில் இருந்தார். அதற்கும் அடுத்த வருஷம் அக்காள் புருஷனோடும் குழந்தையோடும் வந்து ஒரு மாதம் எங்கள் லைன் வீட்டில் தங்கினாள். அவருக்குக் கதவு நிலையில் தலை இடிக்காத நாளே இல்லை. அப்பா அவரைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போய் அடுப்பைக் காட்டினார்.

ஆனால் அந்த ஜப்பானிய அம்மாளை அக்காள் பார்க்கவில்லை. அவள் வருவதற்கு முன்பே பூத்தோட்டத்து வேலை முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். கிளம்பும் முன் ஒருநாள் காலை அந்த அம்மாள் தனியாக டாக்சி பிடித்து எங்கள் லைனுக்கு வந்தார். அந்தத் தீபாவளிக்கு அம்மா என்னிடம் முறுக்கு கொடுத்தனுப்பியிருந்தாள். அந்த டப்பாவைத் திருப்பித் தர வந்திருந்தார், அதற்குள் ஏதோ இனிப்பு வைத்து.

அம்மா அவரைச் சமையற்கட்டுக்கே கூட்டிப்போனாள். பலகை போட்டு உட்காரவைத்துத் தோசை சுட்டுக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அடுப்பைப் பார்த்தபடியே, அம்மா தமிழில் பேச ஆரம்பித்தாள். ரப்பர் தோட்டம், விடியற்காலை, லாரி, அவள் அப்பா போட்டிருந்த சட்டை, தோளில் இருந்த துண்டு, பின்னால் ஓடியது, வளைவில் லாரி மறைந்தது. நான் அதற்கு முன்னால் கேட்டிராத எத்தனையோ விஷயங்கள். இடையில் ஒருமுறை சயாம் என்ற சொல் வந்தது. அந்த அம்மாள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா முடிக்கும்வரை தலையைக் குனிந்தபடி கேட்டார். நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

பேசி முடித்ததும் அம்மா இன்னொரு தோசையை அவர் தட்டில் வைத்தாள். அவர் அதையும் சாப்பிட்டார்.

டாக்சி போன பிறகு கேட்டேன், "அவங்களுக்குத்தான் தமிழ் புரியாதே. எதுக்கும்மா சொன்ன?"

"புரியும்னா சொல்லியிருக்கவே மாட்டேன்" என்றாள் அம்மா. பிறகு தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு, மதிய வேலைக்குப் போகத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டாள்.